ஹாலுக்கு அடியில் போன குழாய்

திண்டிவனத்தில் என் சகலை வீட்டுக் குளியலறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, ஒரு வாளித் தண்ணீரை மொத்தமாகத் தரையில் கவிழ்த்தேன். அது மூலையிலிருந்த சல்லடையை நோக்கி ஓடியது, ஒரு சுழி சுழித்தது, 'களக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். இன்னொரு வாளி பிடித்துக் கவிழ்த்தேன். அதுவும் போயிற்று. மூன்றாவது வாளியைக் கவிழ்க்கும்போது, இது போகக் கூடாது, கணுக்கால் வரைக்கும் நிற்க வேண்டும் என்று மனதார விரும்பினேன்.

வெளியிலிருந்து என் மனைவியின் தங்கை குரல் கொடுத்தாள். "மாமா, தண்ணி பத்தலயா? மோட்டார் போட்டு வுடட்டுமா?"

"போதும்மா, போதும்."

முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தேன். அவர்களுடைய பையனுக்கு அன்று பிறந்தநாள். இருபது பேர் கை கழுவியிருப்பார்கள், பத்துப் பேர் குளியலறைக்குப் போய் வந்திருப்பார்கள். தரை காய்ந்து கிடந்தது. அதைப் பார்த்தபோது எனக்கு வயிற்றில் எரிச்சல் கிளம்பியது. சாப்பாட்டில் காரம் என்று சொல்லிச் சமாளித்தேன்.

சகலை என்றால் என் மனைவியின் தங்கை கணவர். என்னைவிட ஏழு வயது சின்னவர். பத்தாவதோடு படிப்பை விட்டுவிட்டு, திண்டிவனத்தில் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடை வைத்திருக்கிறார். நான் விழுப்புரத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியர். திரவங்களின் அழுத்தம், மட்டம், ஓட்டம் எல்லாம் இருபது வருடமாகக் கரும்பலகையில் வரைந்து காட்டிக்கொண்டிருக்கிறேன். அப்படியிருந்தும் என் வீட்டுத் தண்ணீர் போகவில்லை, அவர் வீட்டுத் தண்ணீர் போனது.

எங்கள் வீடு காணை போகிற சாலையில், ஊர் முடிகிற இடத்தில் இருக்கிறது. குடிபோன மூன்றாவது மாதமே தொல்லை ஆரம்பித்தது. என் மனைவி வீட்டின் பின்பக்கச் சமையலறையில் பாத்திரம் கழுவினால், அந்தத் தண்ணீர் முன்பக்கப் படுக்கையறையின் குளியலறையில் மேலே வரும். சோற்றுப் பருக்கை, கடுகு, கறிவேப்பிலை எல்லாம் மிதந்துகொண்டு வரும். வாஷிங் மெஷின் தண்ணீரைத் தள்ளினால் நுரையோடு வரும். கழிவறைக் குழாய் தனியாக வாசல்பக்கத்துத் தொட்டிக்குப் போனதால் அந்த அசிங்கம் மட்டும் இல்லை. மற்றபடி மூன்று வாரத்துக்கு ஒரு முறை, ஆறு வருடம், நாங்கள் பிளாஸ்டிக் முறம் வைத்துச் சாம்பார்த் தண்ணீரை அள்ளி வாளியில் ஊற்றிக்கொண்டிருந்தோம்.

அடைப்பு எடுக்கிறவர்கள் வந்தார்கள். ஒருவர் மூங்கில் பிளாச்சு விட்டுக் குத்தினார். இன்னொருவர் நீளமான சுருள் கம்பியைத் திருகித் திருகி உள்ளே அனுப்பினார். அது ஓரிடத்தில் மடங்கி நின்றது, இழுத்தால் வரவில்லை, பாதியை அறுத்துவிட்டுப் போனார். மூன்றாமவர் ஆசிட் ஊற்றினார். வீடு முழுக்கப் புகைந்து, என் மகள் ஒரு வாரம் இருமினாள். ஒவ்வொரு முறையும் தண்ணீர் சிறிது நாள் போகும். பிறகு ஒரு காலையில் சல்லடையிலிருந்து கொப்புளம் கொப்புளமாக ஒரு சத்தம் வரும். அதைக் கேட்டாலே என் மனைவி முறத்தை எடுத்துவிடுவாள்.

யார் மேலாவது பழி போட வேண்டியிருந்தது. நான் என் மனைவியின் தலைமுடி மேல் போட்டேன்.

அவளுக்கு இடுப்பைத் தாண்டிய கூந்தல். சல்லடையில் மாட்டியிருந்த முடியைக் குச்சியால் எடுத்து, ஹாலில் செய்தித்தாள் விரித்து அதன்மேல் வைத்து, ஏதோ கொலைக்குச் சாட்சி காட்டுகிறவனைப் போல அவளுக்குக் காட்டினேன்.

"பாத்தியா? இதுதான். இதான் உள்ள போய் அடச்சிக்கினு கீது."

அவள் அதைப் பார்த்தாள். அடுத்த வெள்ளிக்கிழமையிலிருந்து அவள் குளியலறையில் தலை குளிப்பதில்லை. பின்பக்கம் துணி துவைக்கிற கல்லோரம் ஒரு குழாய் உண்டு. அங்கே குனிந்து நின்று தலையை அலசிக்கொள்வாள், மார்கழிக் குளிரிலும். வடிகஞ்சியையும் சிங்கில் ஊற்றமாட்டாள்; தென்னை மரத்தடிக்குக் கொண்டுபோய் ஊற்றுவாள். அப்படியும் தண்ணீர் ஏறியது. அப்போது மகள் முடி என்றேன்.

உண்மைக் காரணம் எனக்குத் தெரியாதது அல்ல. அதைச் சொல்ல, வீடு கட்டிய நாட்களுக்குப் போக வேண்டும்.

நானும் சகலையும் ஒரே வருடத்தில் வீடு கட்டினோம். அவர் வீடு நான்கு மாதம் முந்தி முடிந்தது. கிரகப்பிரவேசத்துக்குப் போனபோது என் வீட்டுக்கு அஸ்திவாரம் முடிந்து, உள்ளே மண் நிரப்பி, சுவர் எழும்பத் தொடங்கியிருந்தது. சகலை வீட்டில் முன்பக்கப் படுக்கையறைக்குள்ளேயே குளியலறை இருந்தது. ஹால் அகலமாக இருந்தது. என் மனைவி ஒவ்வோர் அறையாகப் போய்ப் பார்த்துவிட்டு, ஹால் நடுவில் நின்றுகொண்டு, "தம்பி எவ்ளோ யோசிச்சி கட்டிக்கிறாரு பாத்தீங்களா?" என்றாள். தன் தங்கையின் புருஷனை அவள் தம்பி என்றுதான் கூப்பிடுவாள். அவள் கள்ளமில்லாமல் சொன்ன வார்த்தை அது. பத்தொன்பது வருடத்தில் என்னைப் பற்றி அவள் அப்படி ஒரு வார்த்தை சொன்னதாக எனக்கு ஞாபகம் வரவில்லை.

மறுநாள் காலை கொத்தனாரிடம் போய், முன்பக்க அறையில் குளியலறை வேண்டும், ஹாலை ஒரு அடி அகலப்படுத்த வேண்டும், அதற்காகப் பக்கச் சுவர் அஸ்திவாரத்தைத் தள்ளிப் புதிதாகப் போட்டாலும் சரி என்றேன். ஏன் ஒரு அடி? அளவு நாடா இல்லாமல், சகலை வீட்டு ஹாலை ஒருவரும் பார்க்காதபோது காலடியால் அளந்து வந்திருந்தேன். என் ஹாலும் அதே அளவாகத்தான் இருந்தது; அதைவிட ஒரு அடி கூடுதலாக வர வேண்டும்.

கொத்தனார் காணையைச் சேர்ந்தவர், வயதானவர், அதிகம் பேசாதவர். தலையைச் சொறிந்தார்.

"சார், ஹால இன்னும் ஒரு அடி தள்ளினா பக்கத்து சந்து ஒன்றர அடிதான் நிக்கும். பாத்ரூம் பைப்ப அந்த சந்து வழியாத்தான பின்னால எடுத்துக்கினு போவணும்? ஒன்றர அடில ஆளு குனிய முடியாது சார். சேம்பர் கட்ட முடியாது."

"ஹாலுக்கு அடில எடுத்துக்கினு போங்க."

"மண்ணு ரொப்பியாச்சி. ரெண்டு எடத்துல மடங்கும். வாட்டம் வராது சார்."

சேம்பர் என்றால் அடைப்பு எடுக்க வசதியாக மூடி வைத்துக் கட்டுகிற தொட்டி; வாட்டம் என்றால் சரிவு. பத்து அடிக்கு இவ்வளவு என்று குழாய் இறங்கிக்கொண்டே போக வேண்டும்; இல்லையென்றால் தண்ணீர் போகாது. என் எட்டாம் வகுப்பு மாணவனுக்கும் தெரிந்த விஷயம். நான், "அதெல்லாம் வரும், போடுங்க," என்றேன். அவர் போட்டார். ஹால் அகலமாக வந்தது. வந்தவர்கள் யாரும் அதைக் கவனித்துச் சொன்னதில்லை.

இதைத்தான் நான் ஆறு வருடம் யாரிடமும் சொல்லவில்லை. நாள் போகப் போக எனக்கே சொல்லிக்கொள்வதையும் நிறுத்திவிட்டேன். முடிதான் காரணம் என்று பாதி நம்பவும் செய்தேன்.

மகள் ஒரு முறை, "சித்தப்பாவ கூப்புட்டா என்னாப்பா? அவரு எங்கெங்கியோ போய் பைப் வேலைலாம் பாக்கறாரு," என்றாள். மோட்டார் இறக்கப் போகிற இடங்களில் குழாய் வேலையும் அவர் பார்ப்பது எல்லோருக்கும் தெரியும். திண்டிவனம் ஒரு மணி நேரத் தூரம்.

"அவருக்கு வேற வேல இல்லியா?" என்று கத்தினேன். அந்தக் கத்தலுக்குப் பிறகு அவர் பேரை வீட்டில் யாரும் எடுக்கவில்லை. அவர்கள் வருகிற நாட்களில் மட்டும் ஒரு ஏற்பாடு உண்டு. சிங்கில் தண்ணீர் விடக் கூடாது, பாத்திரம் பின்பக்கம், வாஷிங் மெஷின் போடவே கூடாது. மறைத்துவிட்டோம் என்று ஒவ்வொரு முறையும் எனக்கு நிம்மதி.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். மூன்று வாளி தண்ணீர் கவிழ்த்தேன் என்று சொன்னேனே, அதற்கு அடுத்த முறை திண்டிவனம் போனபோது, அவர்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்கிற தேங்காய் நாரை ஒரு கைப்பிடி எடுத்துப்போய், குளியலறைச் சல்லடையைத் தூக்கி உள்ளே திணித்தேன். விரலால் ஆழமாகத் தள்ளினேன். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்து அவர்களோடு உட்கார்ந்து வறுத்த மல்லாட்டையை ஓடு உரித்துத் தின்றேன். வயது நாற்பத்தெட்டு அப்போது. பள்ளியில் ஒழுக்கக் குழுவுக்கு நான்தான் பொறுப்பு.

போன சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சகலையும் அவர் மனைவியும் சொல்லாமல் வந்து நின்றார்கள். காணையில் யாருக்கோ மோட்டார் பார்க்க வந்தவர், அப்படியே அக்காவைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று தங்கையையும் அழைத்து வந்திருந்தார். நான் கண்ணாலேயே மனைவிக்குச் சைகை காட்டினேன். அவளும் புரிந்துகொண்டு சிங்க் குழாயை நிறுத்தினாள். ஆனால் மகள் கொஞ்சம் முன்னால் பின்பக்கம் மெஷினில் துணி போட்டிருந்ததை நாங்கள் இரண்டு பேருமே மறந்துவிட்டோம்.

சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். தங்கை முதலில் எழுந்து கை கழுவ முன்பக்கக் குளியலறைக்குப் போனாள். உள்ளேயிருந்து, "ஐயோ, அக்கா!" என்று ஒரு சத்தம். ஓடிப் பார்த்தால், கறுப்பாக, நுரையோடு தண்ணீர் அவள் பாதத்துக்கு மேல் நின்றது. புடவைக் கரை நனைந்திருந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது வாசற்படியைத் தாண்டிப் படுக்கையறைக்குள் வந்தது.

நான் முறத்தை எடுக்கப் போனேன். அதற்குள் சகலை பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டிவிட்டு உள்ளே இறங்கிவிட்டார். சாப்பிட்ட கையைக்கூடக் கழுவவில்லை. குந்தி உட்கார்ந்து, அந்தக் கறுப்புத் தண்ணீருக்குள் முழங்கை வரை கையை விட்டுத் துழாவினார்.

"மெஷின நிறுத்துங்க, ஜல்தி," என்றார். மகள் ஓடினாள். ஏறுவது நின்றது. அவர் சல்லடை ஓட்டையில் காதை வைத்துக் கேட்கிற மாதிரி தலையைச் சாய்த்து, "எம்மா நாளா இப்டி?" என்றார்.

"ஆறு வருசமா தம்பி," என்றாள் என் மனைவி.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். என் மனைவி அவரைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. அழுக்குத் தண்ணீரில் குந்தியிருக்கும் ஒரு மனிதனை, கோயிலில் தீபாராதனை பார்க்கிற முகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தாள். என் வீடு, என் குளியலறை, என் மனைவி. அந்த நிமிஷத்தில் எல்லாமே அவருடையது மாதிரி இருந்தது.

அடுத்த சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு அவர் கடையை மூடிவிட்டுக் குழாய், வெட்டுகிற மெஷின், உளி, சுத்தியலோடு வந்து இறங்கினார். வேண்டாம் என்று நான் போனில் இரண்டு முறை சொல்லியிருந்தேன். "நாளிக்கு வர்றேன்ணே," என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

முதலில் பின்பக்கச் சுவரோரம் தோண்டினார். ஹாலுக்கடியிலிருந்து வருகிற குழாயும் சமையலறைக் குழாயும் அங்கேதான் ஒன்றாகச் சேர்ந்து பின்சந்துச் சாக்கடைக்குப் போகின்றன. மண்ணை விலக்கி, குழாயை ஒரு முழ நீளத்துக்கு வெட்டி எடுத்துத் தரையில் வைத்தார். என் மனைவி, மகள், நான் மூவரும் சுற்றி நின்றோம். குழாயின் வாய் கிட்டத்தட்ட மூடியிருந்தது. வெள்ளையும் சாம்பலுமாகக் கட்டிப்போன எண்ணெய்ப் பிசுக்கு, அதற்குக் கீழே மணல், மணலோடு இறுகிப்போன சிமென்ட் கட்டி ஒன்று. உளியால் கெல்லிக் கெல்லி எடுத்தார். அப்புறம் ஹாலுக்கடியில் போகிற பக்கத்துக்கு டார்ச் அடித்து எங்களைக் குனிந்து பார்க்கச் சொன்னார். குழாய் நடுவில் தொங்கி, அதில் தண்ணீர் தேங்கி நின்றது தெரிந்தது.

என் மனைவி கெல்லி எடுத்ததையெல்லாம் குச்சியால் கிளறிப் பார்த்தாள். இந்தப் பக்கம் புரட்டினாள், அந்தப் பக்கம் புரட்டினாள்.

"முடி எங்க தம்பி?" என்றாள்.

"எந்த முடி அண்ணி?"

"முடிதான் அடச்சிக்கினு இருக்குதுன்னு சொன்னாங்க."

"நாலஞ்சி முடி இருக்கும், அது எங்கியும் இருக்கறதுதான். முடியால இல்ல. வாட்டமே இல்ல அண்ணி. தண்ணி போவறதுக்கு வழியே இல்ல. கிச்சன் தண்ணி வெளிய போவ முடியாம, எதுரா வர்ற பாத்ரூம் பைப்புல ஏறுது."

"யாரு இப்டி போட்டது?"

நான் சொல்லியிருக்க வேண்டிய இடம் அது. நாக்கு வரைக்கும் வந்தது. சகலை என்னைப் பார்க்காமல், உளியில் ஒட்டியிருந்த பிசுக்கைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "கொத்தனாரு வேலண்ணி. அவருக்கு வாட்டம் பாக்கத் தெரில."

நான் தலையாட்டினேன்.

ஹாலை உடைக்க வேண்டாம் என்றார் சகலை. ஹாலுக்கடியில் போகிற குழாயை இரண்டு பக்கமும் அடைத்து அப்படியே விட்டுவிடுவது. குளியலறைத் தண்ணீரைப் பக்கத்துச் சந்து வழியாக நேராகப் பின்னால் கொண்டுபோவது. சமையலறைக்குத் தனிச் சேம்பர், குளியலறைக்குத் தனிச் சேம்பர். அந்த ஒன்றரை அடிச் சந்துக்குள் அவர் பக்கவாட்டில் நுழைந்து, குனிய முடியாமல், ஒருக்களித்து உட்கார்ந்தபடி சின்னக் கடப்பாரையால் தோண்டினார். சட்டையின் முதுகுப்பக்கம் சுவரில் உரசிக் கிழிந்தது.

மட்டம் பார்க்க கண்ணாடி மாதிரி உள்ளே தெரிகிற ஒரு நீளமான பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையை என்னிடம் கொடுத்தார். நான் குளியலறைச் சுவரோரம் பிடித்துக்கொண்டேன். மறுமுனையோடு அவர் சந்தின் கடைசிக்குப் போனார். இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நின்றது. இதை நான் வருடா வருடம் படம் வரைந்து, அம்புக்குறி போட்டு, தேர்வில் இரண்டு மதிப்பெண் கேள்வியாகக் கேட்டிருக்கிறேன். ஒரு நாளும் இதைக் கையில் பிடித்ததில்லை. அவர் எந்தப் படமும் பார்த்ததில்லை. சுவரில் பென்சிலால் ஒரு கோடு போட்டுவிட்டு, விரலால் அளந்து, "பாத்ரூம் தரய அர அடி ஏத்திட்டா வாட்டம் வந்துரும்ணே," என்றார். ஆறு வருடத்தில் எனக்கு அது தோன்றவேயில்லை. தரையைத் தோண்டிக் குழாயை இறக்குவதைப் பற்றித்தான் யோசித்திருக்கிறேன். தண்ணீர் கிளம்புகிற இடத்தை ஏற்றலாம் என்று தோன்றவில்லை.

மத்தியானம் நானும் அவரும் மட்டும் சந்தின் பின்முனையில் இருந்தோம். சேம்பருக்குச் செங்கல் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

"இதான்ணே முக்கியம்," என்றார். "எங்க வீட்ல கூட ஒரு தபா அடச்சிக்கிச்சி. சேம்பரத் தொறந்தேன், தேங்கா நாரு. எப்டி உள்ள போச்சின்னே தெரில. ரெண்டே நிமிசம், எடுத்துப் போட்டுட்டேன்."

என் கையிலிருந்த செங்கலை அவர் வாங்கிக்கொள்ள இரண்டு முறை கை நீட்ட வேண்டியிருந்தது. அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, சாந்து பூசிக்கொண்டே அவர் மெல்லக் கேட்டார்:

"அந்த ஒரு அடி ஹாலுக்காவத்தானேண்ணே?"

"யார் சொன்னது?"

"கொத்தனாருதான். எங்க கடைக்குப் பின்னால ரூம் போட்டாரு இல்ல, அப்ப சொன்னாரு. சார் கேக்கலன்னு வருத்தப்பட்டாரு."

"அப்ப உங்களுக்கு ஆறு வருசமா தெரியுமா?"

"போட்ட விதம் தெரியும். தண்ணி இம்மா பேஜார் பண்ணுதுன்னு தெரியாது. நீங்க சொல்லவே இல்லியே."

"நீங்களா வந்து கேட்டிருக்கலாமே."

அவர் கரண்டியை நிறுத்தினார். "கேட்டிருந்தா வுட்ருப்பீங்களாண்ணே?"

விட்டிருக்கமாட்டேன். அது அவருக்கும் தெரிந்திருந்தது. எனக்காகப் பொய் சொன்னதற்கு நன்றி என்று ஒரு வார்த்தை வந்திருக்கலாம். அதற்குப் பதிலாக எனக்கு வந்தது கோபம். தண்ணீர் மட்டம் அவருக்குத் தெரிகிறது, வேலை தெரிகிறது, அடுத்தவனைக் காட்டிக்கொடுக்காமல் இருக்கவும் தெரிகிறது. எனக்கென்று ஏதாவது ஒன்றை விட்டுவைத்திருக்கலாம்.

ஞாயிறு மாலை வேலை முடிந்தது. என் மகள் இரண்டு வாளித் தண்ணீரைக் குளியலறையில் கவிழ்த்தாள். என் மனைவி சமையலறையில் சிங்க்கை நிரப்பித் திறந்துவிட்டாள். மெஷினும் ஓடியது. நாங்கள் பின்பக்கம் இரண்டு சேம்பர் மூடிகளையும் தூக்கிவைத்துவிட்டு நின்று பார்த்தோம். இரண்டிலும் தண்ணீர் தனித்தனியாக ஓடியது. என் மனைவி சிரித்தாள். சகலை கை கால் கழுவிக்கொண்டு, ஒரு டம்ளர் டீ குடித்துவிட்டுக் கிளம்பினார். அவர் வண்டி திரும்பிய பிறகும் அவள் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அந்த வெள்ளிக்கிழமை அவள் குளியலறையில் வெந்நீர் வைத்துத் தலை குளித்தாள். ஒரு மணி நேரம் வெளியே வரவில்லை.

இதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு நாள் நான் பள்ளியிலிருந்து வந்தபோது என் மனைவி நல்ல உற்சாகமாக இருந்தாள். காய்கறிப் பையைக்கூட இன்னும் பிரிக்கவில்லை.

"இன்னிக்கு மார்க்கெட்ல அந்த கொத்தனார பாத்தேன். வுடல. நிக்க வச்சி கேட்டேன். ஒரு பைப்பு ஒழுங்கா போடத் தெரியாதா, ஆறு வருசம் என் உயிர எடுத்துட்டீங்களே, என் பொண்ணு இருமி இருமி கெடந்துச்சேன்னு நல்லா கேட்டேன். சுத்தி நாலு பேரு நின்னு பாத்தாங்க."

"அவரு என்னா சொன்னாரு?"

"ஒண்ணுமே சொல்லல. தலய குனிஞ்சிக்கினு நின்னாரு. அப்பறம் 'தப்புதாம்மா'ன்னு சொல்லிட்டு சைக்கிள தள்ளிக்கினு போய்ட்டாரு."

நான் செருப்பைக் கழற்றாமலே நின்றேன். அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். உங்க வீட்டுக்காரர்தான் கேக்கல என்று சொல்லியிருக்கலாம். எழுபதை நெருங்குகிற மனிதர், மார்க்கெட்டில் நான்கு பேருக்கு நடுவில் என் தப்பைத் தன் தப்பு என்று ஒப்புக்கொண்டு போயிருந்தார்.

"அவர் தப்பு இல்ல," என்றேன்.

சொல்லத் தொடங்கியதும் எல்லாமே வந்துவிட்டது. கிரகப்பிரவேசத்தில் அவள் ஹாலில் நின்று சொன்ன வார்த்தை, நான் காலடியால் அளந்தது, வாட்டம் வராது என்று கொத்தனார் சொன்னது, நான் போடுங்க என்றது. தேங்காய் நாரை மட்டும் சொல்லவில்லை. அதை இப்போது எழுதுவதுதான் முதல் முறை.

அவள் கையிலிருந்த பையைத் தரையில் வைத்தாள். ஒரு கத்தரிக்காய் உருண்டு சோபாவுக்கு அடியில் போனது. அதை எடுக்கவில்லை.

"அவரு மேல பொறாமப்பட்டீங்க, சரி. அது உங்க பாடு," என்றாள். "தெரிஞ்சிக்கினே என் முடிய பேப்பர்ல வச்சி காட்டினீங்களே, அது எதுக்கு?"

நான் குனிந்து சோபாவுக்கு அடியிலிருந்து கத்தரிக்காயை எடுத்தேன்.

அவள் பதினோரு நாள் என்னோடு பேசவில்லை. சாப்பாடு வைப்பாள், டீ வைப்பாள், பேச்சு மட்டும் இல்லை. பன்னிரண்டாவது நாள் காலை, "அந்தப் பெரியவர்கிட்ட போய் பேசிட்டு வாங்க," என்றாள். அதோடு மறுபடி சமையலறைக்குப் போய்விட்டாள்.

அன்று மாலையே காணைக்குப் போனேன். கொத்தனார் வீட்டு வாசலில், கரும்புத் தோகை அடுக்கியிருந்த வேலியோரம் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார். உட்காரச் சொன்னேன். அவருக்கு முன்னால் நின்றுகொண்டே, என் மனைவியிடம் உண்மையைச் சொல்லிவிட்டதாகவும், அவர்மேல் பழி விழ விட்டதற்கு மன்னிக்க வேண்டும் என்றும் சொன்னேன். ஆசிரியராக இருந்து பழகிய வாய்க்கு அது எளிதாக வரவில்லை.

அவர் கையை அசைத்தார். "வுடுங்க சார். எனக்கும் புத்தி இருந்திருக்கணும். வாட்டம் வராதுன்னு தெரிஞ்சும் போட்டேன் பாருங்க, அது என் தப்புதான. மாட்டேன்னு சொல்லிட்டு எழுந்து போயிருக்கணும்." அப்புறம் சற்று முன்னால் குனிந்து, ஆர்வமாகக் கேட்டார்: "இப்ப தண்ணி போவுதா? எப்டி எடுத்தாங்க?"

சொன்னேன். சந்து, இரண்டு சேம்பர், அரை அடி ஏற்றிய தரை.

"தரய ஏத்தினாரா!" கிழவர் முகம் மலர்ந்துவிட்டது. தொடையில் தட்டிக்கொண்டார். "பாருங்க, அது எனக்குத் தோணவே இல்ல. எம்மாம் வருசமா கரண்டி புடிக்கறேன். யாரு சார் அந்த ஆளு?"

"என் சகலை."

"அந்த மோட்டார் கடைக்காரரா? அவரு கடைக்கு நான்தான ரூம் போட்டேன். கெட்டிக்காரன் சார். அவர ஒருநாள் கூட்டிக்கினு வாங்க."

மன்னிப்புக் கேட்கப் போன இடத்திலும் சகலையின் புகழைக் கேட்டுவிட்டுத்தான் திரும்பினேன். வழியில் ஒரு கடையில் வண்டியை நிறுத்தி டீ குடித்தேன். எரிச்சலாகத்தான் இருந்தது. இருந்தாலும் நடுவில் ஒருமுறை எனக்கே சிரிப்பு வந்தது.

என் மனைவி பேச ஆரம்பித்தாள். பழையபடி என்று சொல்ல முடியாது. இப்போதெல்லாம் வீட்டில் எது கெட்டாலும், நான் வாயைத் திறப்பதற்கு முன் ஒரு கணம் என் முகத்தைப் பார்க்கிறாள். காரணம் சொல்லப் போகிறேனா, பழி சொல்லப் போகிறேனா என்று பார்க்கிறாள் என்று நினைக்கிறேன்.

ஐப்பசியில் நான்கு நாள் விடாமல் மழை பெய்தது. பின்சந்துச் சாக்கடை நிரம்பி, எங்கள் வரிசையில் பாதி வீடுகளில் தண்ணீர் உள்ளே ஏறியது. அரை அடி ஏற்றிய தரையால் எங்கள் வீட்டில் ஏறவில்லை. மழை விட்ட மறுநாள் காலை, மூன்று வீடு தள்ளி இருக்கிற, மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றார்.

"சார், உங்க வூட்ல மட்டும் எப்டி சார் ஏறல? எங்க வூட்ல கணுக்கால் தண்ணி. நீங்க சயின்ஸ் வாத்தியாராச்சே, நீங்களே ஏதோ கணக்குப் போட்டு பண்ணிட்டீங்களா?"

உள்ளே என் மனைவி தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். வாசலில் பேசுவது அவளுக்குக் கேட்காது. ஆமாம் என்று சொன்னால் மறுக்க யாரும் இல்லை. அவர் நம்பத் தயாராக, கொஞ்சம் பொறாமையோடுகூட, என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்தப் பார்வை எனக்குப் பிடித்திருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் அதை வைத்துக்கொள்ளலாம் போலிருந்தது.

"இல்லங்க. என் சகலை பண்ணது," என்றேன். "திண்டிவனத்துல இருக்காரு. இருங்க, நம்பர் தர்றேன்."

செல்போனை எடுக்க உள்ளே போனேன்.